கனிகாபிலா

கனிகாபிலா என்பது ஹவாய்த் தீவுகளில் நண்பர்களும் உறவினர்களும் ஓரிடத்தில் கூடி, முன்னேற்பாடு எதுவுமின்றி இசைக்கருவிகளை வாசித்துப் பாடி மகிழும் வழக்கத்தைக் குறிக்கும் சொல் ஆகும். வீட்டு முற்றம், கொல்லைப்புறம், மகிழுந்து நிறுத்தும் கொட்டகை, கடற்கரை மணல் ஆகியவை இதன் வழமையான களங்கள். பாடுபவர், கேட்பவர் என்ற பிரிவு இங்கே உறுதியாக இருப்பதில்லை. சற்று முன்பு வரை சோறு பரிமாறிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த பாட்டை எடுப்பது இயல்பு. ஹவாய் இசை என்றவுடன் வெளியுலகம் உல்லாச விடுதிகளையும் மலர் மாலைகளையும் நினைக்கிறது. ஆனால் அவ்விசை தன் மொழியோடும் பழைய பாடல்களோடும் உயிர் பிழைத்தது பெரும்பாலும் இத்தகைய வீட்டுக் கூடுகைகளினால்தான்.

இவ்வழக்கத்தில் பயன்படும் கருவிகளுள் ஒன்றான ஹவாய் கிதார் 20ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தா வழியாக இந்திய இசைக்குள் நுழைந்தது. தமிழ்நாட்டின் கோட்டு வாத்தியத்துக்கும் அதற்கும் வாசிப்பு முறையில் நெருங்கிய ஒற்றுமை உண்டு.

பெயர்

ஹவாய் மொழியில் "கனி" என்பது ஒலித்தல் என்றும், "கா" என்பது ஆங்கிலத்தில் உள்ளது போன்ற சுட்டு இடைச்சொல் என்றும், "பிலா" என்பது நரம்புக் கருவி என்றும் பொருள்படும். "கருவி ஒலிக்கட்டும்" என்று இத்தொடரைத் தமிழில் கூறலாம். பிலா என்பது பிடில் என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. தொடக்கத்தில் வயலினை மட்டும் குறித்த இச்சொல் பின்னர் எல்லா நரம்புக் கருவிகளுக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. தமிழில் பழமாகிய "கனி"க்கும் இதற்கும் தொடர்பு ஏதுமில்லை.

ஆக, ஹவாய் மக்கள் தமக்கே உரியதென எண்ணும் ஒரு வழக்கத்தின் பெயரிலேயே வந்தேறிய சொல் ஒன்று இருக்கிறது. கருவிகளின் வரலாறும் அவ்வாறே அமைந்துள்ளது.

கருவிகள் வந்த வழி

ஐரோப்பியர் வருகைக்கு முன்பு ஹவாய் இசை பெரும்பாலும் குரலும் தாளமுமாக இருந்தது. சுறாத்தோல் போர்த்திய பாகு என்னும் முரசு, இப்பு என்னும் சுரைக்குடுக்கை, மூக்கினால் ஊதும் புல்லாங்குழல், கையிடுக்கில் தட்டும் கூழாங்கற்கள் ஆகியவை வழக்கில் இருந்தன. நரம்புக் கருவி என்று சொல்லத்தக்கது உகேகே எனப்படும் சிறிய வில் ஒன்றே. அதன் ஒரு முனையை வாயில் வைத்து, வாயையே குடமாகக் கொண்டு மீட்டுவர்.

1820ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து கிறித்தவ ஊழியர்கள் வந்து சேர்ந்தனர். அவர்கள் கற்பித்த துதிப்பாடல்கள் வழியாகப் பல குரல்கள் இணைந்து பாடும் முறை பரவியது. அதே வேளையில் ஹூலா என்னும் நடனம் ஒழுக்கக்கேடானது எனக் கருதப்பட்டு, 1830இல் பொது இடங்களில் ஆடத் தடை விதிக்கப்பட்டது.

கிதார் மாட்டினால் வந்தது எனலாம். 1793இல் கப்பற் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் அரசர் கமெஹமெஹாவுக்கு மாடுகளை அன்பளிப்பாகத் தந்தார். அவற்றைக் கொல்லக்கூடாது என்று அரசர் தடை விதித்தமையால் மாடுகள் பெருகிக் காட்டையும் கழனியையும் அழிக்கத் தொடங்கின. அவற்றை அடக்கும் வழியறியாத தீவினர், 1830களில் மூன்றாம் கமெஹமெஹாவின் காலத்தில், அப்போது மெக்சிக்கோவைச் சேர்ந்திருந்த பகுதிகளிலிருந்து மாட்டுக்காரர்களை வரவழைத்தனர். அவர்கள் மாலை வேளைகளில் வாசிக்கக் கிதார்களையும் கொண்டுவந்தனர். ஹவாயில் மாட்டுக்காரருக்கு இன்றும் பனியோலோ என்று பெயர். எசுப்பானியரைக் குறிக்கும் "எஸ்பஞோல்" என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது.

ஹவாய் மக்கள் கிதாரைத் தம் செவிக்கேற்ப மாற்றிக்கொண்டனர். வழமையான சுருதியிலிருந்து சில தந்திகளைத் தளர்த்தி, விரல் வைக்காமல் மீட்டினாலே இனிய சுரத்தொகுதி ஒலிக்கும்படி அமைத்தனர். இதற்குக் கீ ஹோஅலு, அதாவது தளர்த்திய சுருதி என்று பெயர். மிகவும் பரவலான ஒரு முறையில் ஆறாம், ஐந்தாம், முதலாம் தந்திகள் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கப்படுகின்றன. நம் சுர முறையில் சொல்வதானால் தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ப, ச, ப, ச, க, ப என்று அமையும். கட்டை விரல் கீழ்த்தந்திகளில் அடிச்சுரத்தை மாறிமாறி ஒலிக்க, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் பண்ணை வாசிக்கும். ஒருவரே இருவர் போல் வாசிக்க இது இடம் தருகிறது. ஒவ்வொரு குடும்பமும் தனக்கெனச் சில சுருதி முறைகளை வைத்திருந்தது. அவற்றை வெளியாருக்குச் சொல்வதில்லை என்ற கட்டுப்பாடும் இருந்தது. அந்நியர் அருகில் வந்தால் தந்திகளைத் தளர்த்திவிட்டுக் கருவியைக் கீழே வைப்பவர்கள் உண்டு என்று கூறுவர்.

உகுலேலே வந்த நாள் துல்லியமாகத் தெரியும். 1879 ஆகஸ்ட் 23 அன்று ராவன்ஸ்க்ராக் என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகப் போர்த்துக்கலின் மதீரா தீவிலிருந்து நானூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஹொனலுலு துறைமுகத்தை அடைந்தது. அவர்களுள் மனுவேல் நூனஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் மூன்று தச்சர்கள் இருந்தனர். தோட்ட வேலை முடிந்தபின் இவர்கள் ஹொனலுலுவில் கடை வைத்து, மதீராவின் மச்செத்தே என்னும் சிறிய நான்கு தந்திக் கருவியை ஹவாயின் கோவா மரத்தில் செய்து விற்றனர். அக்கருவியே சிறு மாற்றங்களுடன் உகுலேலே ஆனது. "உகு" என்றால் தெள்ளுப்பூச்சி, "லேலே" என்றால் தாவுதல். தந்திகளின் மேல் விரல்கள் தாவும் விரைவைக் கண்டு இப்பெயர் இட்டனர் என்பது பரவலான விளக்கம். இதன் நான்கு தந்திகள் ப, ச, க, த என்று சுருதி கூட்டப்படும். ஆனால் முதலில் உள்ள பஞ்சமம் கீழ்ப்பஞ்சமம் அன்று. அது ச, க ஆகியவற்றுக்கு மேலே ஒலிப்பதால் மேலிருந்து கீழே தடவினாலும் கீழிருந்து மேலே தடவினாலும் ஒரே கலகலப்பு எழும். கூட்டத்தில் தாளம் பிடித்துச் செல்ல இக்கருவி பொருந்தி வந்ததற்கு இது ஒரு காரணம்.

அரசர் கலாகாவா (ஆட்சிக்காலம் 1874–1891) இக்கருவியை விரும்பி அரண்மனை விருந்துகளில் வாசிக்கச் செய்தார். 1883இல் நடைபெற்ற தம் முடிசூட்டு விழாவில் ஹூலாவை மீண்டும் பொது மேடைக்குக் கொணர்ந்தவரும் இவரே. கலாகாவா 1881இல் உலகைச் சுற்றிவந்தபோது கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வந்து சென்றார் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி.

கூடுகை நடைபெறும் முறை

கனிகாபிலாவுக்கு எழுதப்பட்ட விதிகள் கிடையா. எனினும் அதில் அமர்ந்து பழகியவர்கள் எல்லாரும் அறிந்த ஓர் ஒழுங்கு உண்டு. வட்டமாகவோ குதிரைலாட வடிவிலோ அமர்வார்கள். ஒருவர் ஒரு பாட்டைத் தொடங்குவார். எந்தச் சுருதி என்று வாய்விட்டுச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மற்றவர்கள் இரண்டொரு அடிகளுக்குள் பிடித்துக்கொள்வார்கள். உகுலேலேக்களும் கிதார்களும் தாளத்தைத் தாங்க, அடிநாதத்துக்குப் பெரிய பாஸ் கருவி ஒன்று இருக்கும். பாஸ் வாங்க வசதியற்ற காலத்தில் துணி துவைக்கும் தகரத்தொட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு கோலையும் கயிற்றையும் பொருத்தி வாசித்தனர்.

பாடல் தொடங்கும் முன்பும், ஒவ்வோர் அடிக்கும் இடையிலும் "வாம்ப்" எனப்படும் குறுகிய இடையிசை ஒன்று வரும். ரி, ப, ச ஆகிய சுரங்களை அடியாகக் கொண்ட மூன்று சுரத்தொகுதிகளை வரிசையாக ஒலிப்பதே அது. சில வினாடிகளே நீளும் இத்துணுக்குக்கு வேலைகள் பல. பாடகருக்கு மூச்சு வாங்க நேரம் தருகிறது. ஆடுபவருக்கு அடுத்த அடி வரப்போவதை உணர்த்துகிறது. புதிதாக வந்து அமர்ந்தவருக்குச் சுருதியைக் காட்டிக்கொடுக்கிறது. ஹவாய் இசை என்று எங்கே கேட்டாலும் உடனே இனங்காணத்தக்க அடையாளமும் இதுவே.

ஹூலாவுக்குரிய பாடல்களில் ஒவ்வோர் அடியும் இரு முறை பாடப்படும். அடுத்த அடியின் முதற்சொல்லை எவரேனும் ஒருவர், பெரும்பாலும் ஆடுபவர், முன்கூட்டியே உரக்கச் சொல்வார். காஹெயா எனப்படும் இவ்வழக்கத்தால், பாட்டு முழுவதும் மனப்பாடம் இல்லாதவர்களும் கூடச் சேர்ந்து பாடிவிட முடிகிறது. கடைசி அடி "ஹாஇனா" என்ற சொல்லுடன் தொடங்கும். சொல்லவந்த செய்தி சொல்லப்பட்டது என்பது அதன் கருத்து. அச்சொல் காதில் விழுந்ததும் பாட்டு முடியப்போகிறது என்பதை அனைவரும் அறிந்து, ஒன்றாக நிறுத்த ஆயத்தமாவர். தாளும் தலைவரும் இல்லாமல் இருபது பேர் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிக்க முடிவதன் சூட்சுமம் இவ்வளவே.

பாடுபவர் பாடும்போது குறுக்கே வாசித்தல் மரியாதைக் குறைவு. நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் தம் திறமையைக் காட்டுவதற்கு இடையிசையும் ஒரு சுற்றுமே கிடைக்கும். அதற்கு மேல் நீட்டுபவரை எவரும் கண்டிப்பதில்லை, ஆனால் அடுத்த முறை அவர் பக்கம் பார்ப்பதுமில்லை. புதியவர் முதலில் ஓரமாக அமர்ந்து மெல்ல வாசிக்க வேண்டும். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் "அங்கிள்", "ஆன்ட்டி" என்றே அழைப்பர். ஊரார் அனைவரையும் மாமா, அத்தை என்று அழைத்துப் பழகிய தமிழருக்கு இது வியப்பளிக்காது. சிறுவர்கள் வட்டத்துக்கு வெளியே ஓடியாடிக்கொண்டே கேட்டுக் கற்கிறார்கள். ஹவாயின் புகழ்பெற்ற வாசிப்பாளர்கள் பலர் இசையைக் கற்றது இவ்வாறுதான்.

பெரிய கூட்டங்கள் கலையும்போது அனைவரும் எழுந்து கைகோத்து "ஹவாயி அலோஹா" என்னும் பாடலைப் பாடுவது வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் லொரன்சோ லையன்ஸ் என்னும் கிறித்தவ ஊழியர் ஹவாய் மொழியில் எழுதிய பாட்டு இது. துதிப்பாடல் ஒன்றின் மெட்டில் அமைந்தது.

அரசும் மொழியும் பறிபோன காலம்

1893 ஜனவரியில் அமெரிக்கத் தோட்ட முதலாளிகளின் ஆதரவு பெற்ற குழுவினர் அரசி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தனர். 1898இல் ஐக்கிய அமெரிக்கா ஹவாயைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அரசி சிறந்த பாடலாசிரியர். உலகெங்கும் அறியப்பட்ட "அலோஹா ஓஏ" 1878இல் அவர் இயற்றியது. 1895இல் தம் அரண்மனையிலேயே சிறை வைக்கப்பட்டிருந்தபோதும் அவர் பாடல்கள் இயற்றினார்.

ஆட்சி கவிழ்ந்த ஆண்டில் புதிய அரசுக்கு விசுவாசம் தெரிவித்துக் கையொப்பமிடுமாறு அரண்மனை வாத்தியக் குழுவினர் வற்புறுத்தப்பட்டனர். மறுத்தவர்கள் வேலை இழந்தனர். அவர்களின் நிலை கண்டு எலன் பிரெண்டர்காஸ்ட் என்னும் பெண்மணி இயற்றிய "கௌலானா நா புவா" என்ற பாடல், அரசு தரும் பணத்தை விடத் தம் மண்ணின் கற்களே போதும் என்னும் கருத்தைக் கூறுவதால் "கல் உண்போர் பாட்டு" என்றும் அழைக்கப்படுகிறது. அதன் மெட்டு உற்சாகமானது. மொழி அறியாத வெளியார் அதனை மகிழ்ச்சிப் பாட்டென்றே எண்ணுவர். ஹவாய்ப் பாடல்களில் மேலோட்டமான பொருளுக்கு அடியில் மற்றொரு பொருளை ஒளித்து வைக்கும் உத்திக்குக் கௌனா என்று பெயர். மலரைப் பற்றிய பாட்டு காதலியைப் பற்றியதாகவும், மழையைப் பற்றிய பாட்டு துயரத்தைப் பற்றியதாகவும் இருக்கும். சங்கப் பாடல்களின் உள்ளுறையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று சட்டம் செய்யப்பட்டது. பள்ளியில் ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அதற்கு முன்பு எழுத்தறிவில் முன்னணியில் இருந்த மக்கள் அவர்கள். 1834 தொடங்கி ஏறத்தாழ நூறு செய்தித்தாள்கள் ஹவாய் மொழியில் வெளிவந்திருந்தன. இரண்டு தலைமுறைகளில் நிலைமை தலைகீழானது. 1980களின் தொடக்கத்தில், தாய்மொழியாக ஹவாய் பேசும் 18 வயதுக்குட்பட்டவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு என்று கணிக்கப்பட்டது.

பேச்சில் இழந்த மொழி பாட்டில் தங்கியது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர்கள்கூட வார இறுதிக் கூடுகைகளில் தாத்தாவும் பாட்டியும் பாடிய பாடல்களைச் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தனர். பொருள் முழுவதும் விளங்காமலே பாடியவர்களும் பலர்.

இதே காலத்தில் ஹவாய் இசை வெளியுலகில் பெரும் வணிகப் பொருளாயிற்று என்பது முரண். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா–பசிபிக் உலகப் பொருட்காட்சியில் ஹவாய் அரங்கின் இசைக்கலைஞர்கள் பெரும் கூட்டத்தை ஈர்த்தனர். அதன்பின் அமெரிக்கா முழுவதும் ஹவாய் மோகம் பரவியது. ஹவாயைக் கண்டிராத பாடலாசிரியர்கள் நியூயார்க்கில் அமர்ந்து ஆங்கிலச் சொற்களில் ஹவாய்ப் பாட்டுகளை எழுதிக் குவித்தனர். 1935 முதல் 1975 வரை "ஹவாய் கால்ஸ்" என்ற வானொலி நிகழ்ச்சி வைகீக்கி கடற்கரையிலிருந்து ஒலிபரப்பானது. விடுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்காக இத்தகைய பாட்டுகளை வாசித்த கலைஞர்கள், வேலை முடிந்து வீடு திரும்பியபின் கொல்லைப்புறத்தில் வேறு பாடல்களை வாசித்தனர்.

வைமனாலோ வீடு

கனிகாபிலாவைப் பற்றிப் பேசும் எவரும் காபி பகினுய் (1921–1980) என்பவரின் வீட்டைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ஒவாஹு தீவின் வைமனாலோ என்னும் ஊரில் அவ்வீடு இருந்தது. பகினுய் ஹொனலுலு நகராட்சியின் சாலைப் பணியாளராக மண்வெட்டி பிடித்து உழைத்தவர். பகலில் சாலை போட்டவர், தளர்த்திய சுருதிக் கிதாரில் இணையற்றவராக மதிக்கப்பட்டார். 1940களில் அவர் பாடிப் பதிவு செய்த "ஹிஇலவே", அம்முறை இசைத்தட்டில் இடம்பெற்ற தொடக்க காலப் பதிவுகளுள் ஒன்று.

வெள்ளி மாலை தொடங்கும் இசை அவர் வீட்டில் ஞாயிறு வரை நீளுமாம். வருபவர்கள் மீனோ மதுவோ கையில் கிடைத்ததைக் கொண்டு வருவார்கள். புகழ்பெற்றவரும் பெயர் தெரியாதவரும் அருகருகே அமர்ந்து வாசிப்பார்கள். அவருடைய மகன்கள் சிரில், பிலா, மார்ட்டின் ஆகியோர் அங்கேயே கற்றுக் கலைஞர்களாயினர். 1970களில் ஹவாய்ப் பண்பாட்டு மறுமலர்ச்சி எழுந்தபோது, இளைஞர்கள் தேடிச் சென்ற இடங்களுள் இவ்வீடு முதன்மையானது. அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடர் அங்கு சென்று வாசித்து, பகினுய் குழுவினரின் 1975ஆம் ஆண்டு இசைத்தட்டில் பங்கேற்றார். கூடரின் பெயர் இக்கட்டுரையின் இந்தியப் பகுதியில் மீண்டும் வரும்.

1978இல் ஹவாய் மாநில அரசமைப்பு திருத்தப்பட்டு, ஹவாய் மொழி ஆங்கிலத்துடன் ஆட்சி மொழியானது. 1984இல் ஹவாய் மொழியிலேயே கற்பிக்கும் பாலர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அப்பள்ளிகளுக்கு வேண்டிய பாடல்களை எவரும் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை.

மடியில் கிடத்தி வாசிக்கும் கிதார்

ஹவாய் கிதார் என்று இந்தியாவில் அழைக்கப்படுவது, கிதாரை மடியில் கிடத்தி, தந்திகளை விரலால் அழுத்தாமல் அவற்றின் மேல் எஃகுத் துண்டு ஒன்றை வழுக்கி வாசிக்கும் முறையாகும். இதனைக் கண்டறிந்தவர் ஒவாஹு தீவின் லாயீ என்னும் ஊரில் 1874இல் பிறந்த ஜோசப் கெகுகு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. மாணவராக இருந்தபோது, இருப்புப்பாதை ஓரம் கிடந்த ஆணி ஒன்றைக் கிதார் தந்தியில் வைத்துப் பார்த்தார் என்ற கதை சொல்லப்படுகிறது. அவர் பின்னர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்துப் புகழ்பெற்று 1932இல் மறைந்தார்.

வேறொரு கதையும் உண்டு. கேப்ரியல் தாவியோன் என்ற, இந்தியாவில் பிறந்த மாலுமி ஒருவர் 1880களில் ஹொனலுலுவில் தந்தியின் மேல் பொருளொன்றை வழுக்கி வாசித்துக் காட்டினார் என்று பழைய குறிப்புகள் சில கூறுகின்றன. இந்தியாவில் வீணை வகைகளை இவ்வாறு வாசிப்பது அறியப்பட்டதாகையால், இம்முறை இங்கிருந்தே சென்றது எனச் சிலர் வாதிடுகின்றனர். கெகுகுவே தாமாகக் கண்டுபிடித்தார் என்பதை மறுக்க இது போதிய சான்றன்று. தந்தியின் மேல் மழமழப்பான பொருளை ஓட்டிப் பார்க்கும் எண்ணம் உலகில் ஒரே ஓர் இடத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும் என்பதில்லை.

கல்கத்தாவில் ஹவாய் இசை

ஹவாய் இசைக் குழுக்கள் முதல் உலகப் போருக்குப் பின் ஆசிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்யத் தொடங்கின. அவற்றுள் இந்தியாவில் ஆழ்ந்த தடம் பதித்தவர் டாவ் மோ. 1908இல் சமோவாவில் பிறந்து, கெகுகுவின் ஊரான லாயீயில் வளர்ந்தவர். 1920களின் இறுதியில் மனைவி ரோசுடன் குழுவொன்றில் சேர்ந்து ஹவாயை விட்டுப் புறப்பட்ட அவர், ஆசியா, ஐரோப்பா எனச் சுற்றி, அரை நூற்றாண்டுக் காலம் வெளிநாடுகளிலேயே வாழ்ந்தார். 1940களில் பல ஆண்டுகள் கல்கத்தாவில் தங்கி, அங்குள்ள கிராண்ட் ஓட்டலில் வாசித்ததோடு ஆர்வமுள்ளவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார். அவரிடம் கற்ற கார்னி நிஸ் என்பவர் நண்பர்களைச் சேர்த்து அமைத்த "அலோஹா பாய்ஸ்" என்னும் குழு, அகில இந்திய வானொலியின் கல்கத்தா நிலையத்தில் ஹவாய் இசையை வாசித்து வந்தது. ஹவாயைக் கண்டிராத இளைஞர்கள் ஹூக்ளிக் கரையில் கூடி அத்தீவுகளின் பாடல்களை வாசித்தனர். நம் நாட்டில் கனிகாபிலாவுக்கு மிக அண்மையில் வரும் நிகழ்வு இதுவேயாகும்.

வங்காளத்தில் இக்கருவி வெகு விரைவில் வீட்டுப் பொருளாயிற்று. இரவீந்திர சங்கீதத்தையும் திரைப்பாடல்களையும் ஹவாய் கிதாரில் வாசித்த சுனில் கங்குலியின் இசைத்தட்டுகள் நாடெங்கும் விற்றன. பம்பாயில் வான் ஷிப்லி மின் ஹவாய் கிதாரில் திரை இசையை வாசித்தார். செவ்வியல் இசைக்கு இதனைக் கொண்டுவந்தவர் ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா (1937–2018). அவர் அலி அக்பர் கானின் மாணவர். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் வாசித்த "கால் ஆஃப் த வேலி" பெரும் வரவேற்பைப் பெற்றது. காப்ராவின் மாணவரான தேபாசிஷ் பட்டாச்சார்யா தாமே பல வகை வழுக்குக் கிதார்களை வடிவமைத்தார். தஞ்சாவூரில் பிறந்து வாரணாசியில் வளர்ந்த கமலா சங்கரும் தமக்கென ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டவர்.

ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட் ஹவாய் கிதாரில் சுருதித் தந்திகளையும் பரிவுத் தந்திகளையும் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார். 1992இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் உள்ள ஒரு சிற்றாலயத்தில் அவரும் ரை கூடரும் சந்தித்தனர். சந்தித்த சிறிது நேரத்திலேயே, ஒத்திகை இன்றி, இருவரும் எதிரெதிரே அமர்ந்து வாசிக்கத் தொடங்கினர். தபேலாவுக்கு ஒருவர், கூடரின் பதின்ம வயது மகன் மற்றொரு தாளக் கருவிக்கு. அப்பதிவு "எ மீட்டிங் பை த ரிவர்" என்று வெளிவந்து 1994இல் கிராமி விருது பெற்றது. அமைப்பில் இதுவும் கனிகாபிலாவே. ஒலிவாங்கி இருந்தது என்பது ஒன்றே வேறுபாடு.

கோட்டு வாத்தியத்துடன் ஒப்பீடு

தமிழ்நாட்டில் ஹவாய் கிதார் வடக்கில் போல வேரூன்றவில்லை. அந்த இடத்தில் கோட்டு வாத்தியம் ஏற்கெனவே இருந்தது இதற்கு ஒரு காரணமாகலாம். சித்திர வீணை என்றும் அழைக்கப்படும் இக்கருவி வீணையைப் போன்றது, ஆனால் மெட்டுகள் அற்றது. தரையில் கிடத்தி, இடக்கையில் உருளை வடிவான கட்டை ஒன்றைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கி, வலக்கையால் மீட்டுவர். திருவிடைமருதூர் சகாராம ராவ் இதனைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்தார். நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி ஆகியோர் அடுத்த தலைமுறையினர்.

இரு கருவிகளிலும் சுரத்துக்குச் சுரம் படி இல்லை, சரிவு மட்டுமே உண்டு. எனவே குரலைப் போலவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குழைந்து செல்ல முடியும். ஹார்மோனியத்தில் கமகம் வராது என்ற காரணமும் சேர்ந்து அகில இந்திய வானொலி அதனை 1940இல் விலக்கி வைத்தது. வழுக்குக் கிதாருக்கு அந்தக் குற்றச்சாட்டு எழ வழியே இல்லை. வேறுபாடும் முக்கியமானது. ஹவாய் கலைஞர் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தந்திகளை ஒலித்துச் சுரத்தொகுதியாக வழுக்குகிறார். அதனால் அவர் எஃகுத் துண்டைச் சில வேளைகளில் சாய்த்தும் பிடிக்க வேண்டும். கோட்டு வாத்தியக்காரர் ஒரு சுரத்தையே நாடுகிறார், அதன் அசைவுகளில் இராகத்தைக் காட்டுகிறார். ஹவாய் கலைஞரிடம் கேட்போர் பாராட்டுவது நஹேநஹே எனப்படும் மென்மை.

கூடிப் பாடும் வழக்கத்துக்கு இணை தேடினால் கச்சேரியை விட்டுப் பஜனைக்குச் செல்ல வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர்ப் பகுதி உள்ளிட்ட தொண்டை மண்டலத்துச் சிற்றூர்கள் பலவற்றில் பஜனைக் கோயில் என்ற பெயரில் சிறு கோயில்கள் உள்ளன. மார்கழி விடியலில் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா சகிதம் உழவரும் நெசவாளரும் அங்கிருந்து புறப்பட்டுத் தெருவைச் சுற்றிவருவர். ஒருவர் அடியெடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவதும், குரல் வளம் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் சேர்த்துக்கொள்வதும், மங்களம் பாடி முடிப்பதும் கனிகாபிலாவை நினைவூட்டுவன. எனினும் பஜனை வழிபாடு. கனிகாபிலாவில் வழிபாட்டுப் பாடலும் வரும், காதற் பாட்டும் வரும், ஊரைக் கேலி செய்யும் பாட்டும் வரும்.

இலங்கையில் மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் திருமணங்களில் வயலின், மாண்டலின் முதலியவற்றுடன் வாசிக்கும் கஃப்ரிஞ்ஞா இசையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மதீராவின் சிறு கருவி ஹவாயில் பெற்ற வாழ்வைப் போன்றதொரு வாழ்வைப் போர்த்துக்கேய இசை கிழக்கிலங்கையிலும் பெற்றது.

தீவுகளுக்கு வெளியே

ஜப்பானில் ஹவாய் இசைக்கு நெடுங்காலமாகப் பெரும் கூட்டம் உண்டு. ஹவாயில் பிறந்த ஜப்பானியரான பக்கி ஷிரகாதா 1930களில் அங்கு குடியேறி எஃகுக் கிதாரைப் பரப்பினார். போர்க்காலத்தில் எதிரி நாட்டு இசை என்று தடுக்கப்பட்டபோதிலும், போர் முடிந்ததும் அது மீண்டும் தழைத்தது.

டாவ் மோவும் ரோசும் முதுமையில் லாயீக்குத் திரும்பினர். அமெரிக்கக் கிதார் கலைஞர் பாப் பிரோஸ்மன் அவர்களைக் கண்டறிந்து, இளமையில் அவர்கள் பாடிய பாடல்களை 1980களின் இறுதியில் அவர்களுடன் சேர்ந்து மறுபடியும் பதிவு செய்தார். ரோஸ் 1998இலும் டாவ் மோ 2004இலும் காலமானார்கள்.

வீட்டு விலையும் வாழ்க்கைச் செலவும் உயர்ந்ததனால் ஹவாய்ப் பழங்குடியினர் பெருந்தொகையாக அமெரிக்கப் பெருநிலத்துக்குக் குடிபெயர்ந்து வருகின்றனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அம்மக்களுள் தீவுகளில் வாழ்வோரை விட வெளியே வாழ்வோர் தொகை மிகுந்துவிட்டது தெரியவந்தது. நெவாடாப் பாலைவனத்தின் லாஸ் வேகஸ் நகரம் "ஒன்பதாம் தீவு" என்று அழைக்கப்படும் அளவுக்கு அங்கே ஹவாயினர் உள்ளனர். கடலே இல்லாத அந்நகரத்திலும் வார இறுதிகளில் கொட்டகைகளுக்குள் நாற்காலிகள் வட்டமாகப் போடப்படுகின்றன.